உங்கள் ஊர் நெல்லுக்குள் ஒரே ஒரு மரபணுவைக் கொண்டுபோவது எப்படி?

நவம்பர் மாத டெல்டாவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வடகிழக்குப் பருவமழை ஒரு வாரம் விடாமல் அடித்தால், வடிகால் சரியில்லாத வயல்களில் சம்பாப் பயிர் தலை மூழ்கிக் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால் பயிர் நீண்டு, வெளிறி, அழுகிச் சாய்ந்திருக்கும். அதே வெள்ளத்தில் பக்கத்து வயலில் மூழ்கிக் கிடந்த சி.ஆர். 1009 என்ற அதே நெல் ரகம், பெயருக்குப் பின்னால் ‘சப் 1’ என்று ஒரு வால் மட்டும் கூடுதலாக இருந்தால், சில நாளில் மறுபடி துளிர்விடும். அந்த வாலை எப்படி ஒட்டவைக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். வேளாண்மை படித்துவிட்டு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், ஆனால் பிளஸ் டூ உயிரியல் நினைவிருந்தாலே போதும், பின்தொடர்ந்துவிடலாம்.

முன்கூட்டியே ஒன்று. ‘மூலக்கூறு முறையில் பயிர் மேம்பாடு’ என்றதும் எல்லோர் கண்ணுக்கும் வெள்ளைக் கோட்டும் இயந்திரமும்தான் தெரிகின்றன. உண்மையில் இதில் பாதிக்கு மேல் கத்தரிக்கோல், பென்சில், செடி எண்ணுவது. வேலை கெட்டுப்போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

உங்களுக்கு வேண்டிய குணம் இந்த வழிக்கு ஒத்துவருமா?

ஒரே மரபணு, ஆனால் விளைவு பெரிது. அப்படிப்பட்ட குணத்துக்குத்தான் இந்த முறை கச்சிதமாக வேலை செய்யும். வெள்ளம் தாங்கும் குணம் அதற்கு நல்ல உதாரணம். ஒடிசாவின் தால்புட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற வகை, இரண்டு வாரம் முழுக்க மூழ்கினாலும் பிழைக்கும் என்பது பல காலமாகத் தெரிந்ததுதான். அந்தக் குணத்தின் பெரும்பகுதி 9-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் இருக்கிறது என்று சூ, மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-இல் காட்டினார்கள். அந்த இடத்துக்குப் பெயர்தான் சப்1. 2006-இல் அதற்குள் இருக்கும் சப்1ஏ என்ற மரபணுவே கைக்கு வந்தது.

அது செய்யும் வேலை வேடிக்கையானது. சாதாரண நெல் மூழ்கினால், மூச்சுக்குத் தலையை வெளியே நீட்டப் பார்ப்பதுபோல் மடமடவென்று உயரும். சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிடும். தண்ணீர் வடியும்போது நிற்கவும் தெம்பிருக்காது. சப்1ஏ இருக்கும் செடியோ வளர்ச்சியை நிறுத்திவிட்டு, கையிருப்பைக் காப்பாற்றிக்கொண்டு சும்மா கிடக்கும். வடிந்ததும் அந்தக் கையிருப்பை வைத்துத் துளிர்க்கும்.

விளைச்சல், வறட்சி தாங்கும் திறன் மாதிரி குணங்கள் இப்படி இல்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்களிக்கும் விஷயம் அது. ஒன்றிரண்டைத் தூக்கிவந்து ஒட்டினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதற்கு மரபணுத் தொகுப்பு முழுவதையும் வைத்துச் செடியின் மதிப்பைக் கணிக்கும் வேறு வழி இருக்கிறது. அது தனிக் கதை, புதியவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது

ஒன்று, தாய் ரகம். விவசாயி ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் ரகமாக இருக்க வேண்டும், அதில் ஒரே ஒரு குறைதான் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் சும்மா கிடந்த ரகத்தை எடுத்துச் சீர்திருத்தி யாருக்கும் பயனில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சப்1-ஐ முதலில் நுழைத்த ஆறு ரகங்களைப் பாருங்கள்: சுவர்ணா, சம்பா மசூரி, ஐ.ஆர். 64, நம் சி.ஆர். 1009, வங்கதேசத்தின் பி.ஆர். 11, லாவோஸின் டி.டி.கே. 1. எல்லாமே அந்தந்த ஊரில் பெரும் பரப்பில் நின்ற ரகங்கள். சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009-இல் வெளியானபோது அது வேகமாகப் பரவியதற்குக் காரணம் சப்1 மட்டுமில்லை, அது சுவர்ணா என்பதும்தான்.

இன்னொன்று, கொடை ரகம். மரபணுவைத் தரப்போவது இதுதான். இங்கே எல்லாருக்கும் வரும் ஆசை, மூலத்துக்கே போய் எஃப்.ஆர். 13ஏ-வை எடுக்கலாம் என்பது. வேண்டாம். அது உயரமாக வளர்ந்து சாயும் நாட்டு வகை. நல்ல மரபணுவோடு சேர்ந்து வேண்டாதது நிறைய வரும். யாரோ ஏற்கெனவே கஷ்டப்பட்டுச் சுத்தம் செய்துவைத்த சுவர்ணா சப்1, சி.ஆர். 1009 சப்1 போன்ற ஒன்றைக் கொடையாக எடுத்தால் உங்களுக்கு இரண்டு வருடம் மிச்சம்.

மார்க்கர் எதற்கு?

மார்க்கர் என்பது மரபணு இல்லை. சாலையோர மைல்கல் மாதிரி ஒரு அடையாளம், அவ்வளவுதான். நமக்கு வேண்டிய மரபணுவுக்கு மிக அருகில், அல்லது அதற்குள்ளேயே, தாய் ரகத்திலும் கொடை ரகத்திலும் வேறுவேறு நீளமாகவோ வேறுவேறு எழுத்தாகவோ இருக்கும் ஒரு டி.என்.ஏ. துண்டு. அதைப் பார்த்தே ‘இந்தச் செடிக்கு வந்திருக்கிறது’ என்று சொல்லிவிடலாம்.

கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்க முடியாதா என்றால், வெள்ளம் தாங்குவதைச் சோதிக்கச் செடியை மூழ்கடிக்க வேண்டும். தோற்றவை செத்துப்போகும், பிழைத்தவையும் நொந்துபோயிருக்கும், அதே பருவத்தில் அவற்றைக் கலப்புக்கு எடுப்பது பெரும் பாடு. மார்க்கர் இருந்தால் 15 நாள் நாற்றிலேயே ஒரு துண்டு இலையைக் கிள்ளி முடிவு செய்துவிடலாம், வேண்டாததை நடவே வேண்டாம்.

இதைவிடக் கறாரான காரணம் ஒடுங்கு மரபணுக்களில் இருக்கிறது. பி.பி.டி. 5204 என்கிற சம்பா மசூரிக்குப் பாக்டீரியா இலைக்கருகல் எதிர்ப்பைக் கொடுக்க ஐதராபாத்தில் மூன்று மரபணுக்களை உள்ளே கொண்டுபோனார்கள். அப்படி வந்த மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளியானது. அந்த மூன்றில் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 இரண்டும் ஒடுங்கு வகை. ஒரு பிரதி மட்டும் இருக்கும் பின்கலப்புச் செடியில் (கலப்புச் செடியைத் தாய் ரகத்தோடு மறுபடி கலந்து வந்தது) அவை வெளியே தெரியவே தெரியாது. நோய்க்கிருமியைச் செலுத்திப் பார்த்தால் செடி கருகத்தான் செய்யும், ஆனால் மரபணு உள்ளே இருக்கும். மார்க்கர் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு தலைமுறைக்கும் நடுவில் ஒரு தன்மகரந்தத் தலைமுறையைச் செருக வேண்டும்.

மார்க்கரை மூன்று வேலைக்குப் பயன்படுத்துவோம். வேண்டிய மரபணு வந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு. அதன் இரு பக்கத்திலும் எவ்வளவு கொடை ரகத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு. 12 குரோமோசோமிலும் மீதிப் பகுதி எந்த அளவு தாய் ரகமாகிவிட்டது என்று பார்க்க, குரோமோசோமுக்கு ஐந்தாறு, இவைதான் பின்னணி மார்க்கர்கள். சப்1-க்கு ஏஆர்டி5, சப்1பிசி2 என்ற பெயர்களை ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி பார்ப்பீர்கள். மற்ற இடங்களுக்கு ஆர்.எம். என்று தொடங்கும் நெல் மார்க்கர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரைமர் (மார்க்கர் துண்டின் இரு முனையிலும் ஒட்டி, அதை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ.) வாங்கியதும் முதலில் இரண்டு பெற்றோரின் டி.என்.ஏ.விலும் ஓட்டி, வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். கட்டுரையில் அழகாக இரண்டு பேண்ட் (ஜெல்லில் டி.என்.ஏ. துண்டு நிற்கும் கோடு) தெரியும், உங்கள் இரண்டு ரகத்திலும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். உறவுக்கார ரகங்களாக இருந்தால் வாங்கிய மார்க்கரில் பாதிக்கு மேல் உதவாமல் போவது சாதாரணம். கலப்பு முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஒரு பருவம் போச்சு.

கலப்பு செய்வது

முதல் சிக்கல், இரண்டும் ஒரே நாளில் பூக்க வேண்டும். சி.ஆர். 1009 கிட்டத்தட்ட 155 முதல் 160 நாள் ரகம். கொடை ரகம் குறுகிய வயதுடையதாக இருந்தால் அதைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று நான்கு தடவையாக விதைத்துவையுங்கள், ஏதாவது ஒரு தொகுதி கைகொடுக்கும்.

மாலை மூன்று நான்கு மணிக்குமேல், பாதிக்குமேல் வெளிவந்த ஒரு கதிரைத் தாய்ச் செடியில் தேர்ந்தெடுங்கள். உச்சியில் ஏற்கெனவே பூத்த பூக்களையும், அடியில் இன்னும் பிஞ்சாக இருப்பதையும் வெட்டி எறிந்துவிடுங்கள். நடுவில் உள்ளவற்றின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சிறிய கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டினால் உள்ளே ஆறு மகரந்தப்பை தெரியும். ஆறு, எண்ணிக்கொள்ளுங்கள். கூரான இடுக்கியால் ஆறையும் எடுக்க வேண்டும், நடுவில் இறகு மாதிரி இருக்கும் சூல்முடி மீது படாமல். முதல் நாள் இருபது பூ முடிப்பதற்குள் கழுத்து வலிக்கும், ஒரு வாரத்தில் கை தானாகப் போகும். முடிந்ததும் பட்டர் பேப்பர் உறையைப் போட்டு, அடியை மடித்து கிளிப் குத்திவிடுங்கள்.

மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் கொடை ரகத்தின் பூக்கள் விரியும். வெயில் இருந்தால் சீக்கிரம், மேகமாக இருந்தால் காத்திருக்க வேண்டும். விரியத் தொடங்கிய கதிரை வெட்டிவந்து, உறையின் மேற்பக்கத்தைத் திறந்து, உள்ளே விட்டு மெதுவாகத் தட்டினால் மஞ்சள் தூள் விழுவது தெரியும். மறுபடி மூடி டேக் கட்டுங்கள்: தாய், தந்தை, தேதி. நான்கைந்து நாளில் வெட்டிய உமிக்கு மேலே பச்சையாக ஒரு முனை எட்டிப்பார்த்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். 25 முதல் 30 நாளில் அறுவடை. இந்த விதைக்கு மேல் உமி இல்லாததால் மண்ணில் நேராகப் போட்டால் பூசணம் பிடிக்கும். ஈரத் தாளில் முளைக்கவைத்து அப்புறம் நடுங்கள்.

டேக்கில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் ஒரு ஐப்பசி மழையில் நாற்பது செடியின் டேக் வெறும் நீலக் கறையாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மறுபடி இலை கிள்ளி, மறுபடி டி.என்.ஏ. எடுத்தோம். எழுதியது நான்தான்.

பின்கலப்பு என்பது இப்படிக் கிடைத்த முதல் தலைமுறைச் செடியை மறுபடி மறுபடி தாய் ரகத்தோடு கலப்பது. ஒவ்வொரு முறையும் தாய் ரகத்தின் பங்கு சராசரியாக 50, 75, 87.5, 93.75 சதவீதம் என்று ஏறும். இதில் புத்தகங்கள் அழுத்திச் சொல்லாத ஒரு தந்திரம்: ஒவ்வொரு பின்கலப்பிலும் அசல் தாய் ரகத்தையே பெண்ணாக வையுங்கள், தேர்ந்தெடுத்த செடியிலிருந்து மகரந்தம் எடுங்கள். ஏனென்றால் ஆண்மை நீக்கத்தில் ஒரு மகரந்தப்பை தப்பிவிட்டால் தன்மகரந்த விதை வந்துவிடும். பெண் அசல் ரகமாக இருந்தால் அந்தத் தப்பு விதையில் சப்1 இருக்காது, முதல் ஜெல்லிலேயே கழிந்துபோகும். தேர்ந்தெடுத்த செடி பெண்ணாக இருந்தால் தப்பு விதையிலும் பெரும்பாலும் சப்1 இருக்கும், நீங்கள் அதைப் பின்கலப்புச் செடி என்றே நம்பி அடுத்த பருவத்துக்கு எடுத்துப்போவீர்கள்.

இலையிலிருந்து ஜெல் வரை

இளம் இலை, இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். அரைத்து, செல்லை உடைத்து டி.என்.ஏ.வை வெளியே விடும் சி.டி.ஏ.பி. கரைசலில் 65 டிகிரியில் அரைமணி நேரம், குளோரோஃபார்ம் கலவை சேர்த்துச் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து, குளிர்ந்த ஐசோபுரோப்பனால் விட்டால் வெள்ளை நூலாக டி.என்.ஏ. திரளும். 70 சதவீத எத்தனாலில் கழுவி, உலரவைத்துக் கரையுங்கள். குளோரோஃபார்மைப் புகை உறிஞ்சும் பெட்டிக்கு (ஃப்யூம் ஹுட்) வெளியே திறக்காதீர்கள்.

பிறகு மார்க்கர் துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர்., சுமார் 35 சுற்று: 94 டிகிரியில் பிரிப்பது, 55 அளவில் பிரைமர் ஒட்டுவது, 72-இல் நீட்டுவது. ஒட்டும் வெப்பநிலை பிரைமருக்குப் பிரைமர் மாறும். நகலெடுத்த துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டுவது ஜெல், ஆர்.எம். மார்க்கர்களுக்கு 3 சதவீத அகரோஸ் ஜெல் வேண்டும், 1 சதவீதத்தில் ஓட்டினால் பத்து இருபது எழுத்து வித்தியாசம் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். பின்கலப்புச் செடியில் தாயின் பேண்ட் மட்டும் இருந்தால் மரபணு வரவில்லை, இரண்டு பேண்டும் இருந்தால் வந்திருக்கிறது.

ஒவ்வொரு ஜெல்லிலும் இரண்டு பெற்றோரும், டி.என்.ஏ. போடாத ஒரு குழியும் கட்டாயம். 96 குழித் தட்டில் வேலை செய்தால் அந்த வெற்றுக் குழியை ஒரு மூலையில் மட்டும் வையுங்கள், எதிர் மூலையில் வைக்காதீர்கள். தட்டு 180 டிகிரி திரும்பிப்போனால் முதல் குழி கடைசிக் குழியாகிவிடும், எல்லா முடிவும் அழகாக வரும், எல்லாமே வேறு செடியுடையதாக இருக்கும். வெற்றுக் குழி இடம் மாறியிருப்பதைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

வசதி இருந்தால் இலைத் துண்டுகளைச் சேவை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரே எழுத்து வித்தியாசங்களைப் படிக்கும் முறையில் தரவாகவே வாங்கிக்கொள்ளலாம். செடிகள் நூற்றுக்கணக்கில் போனால் செலவும் பெரும்பாலும் அதுதான் குறைவு. ஆனால் முதல் ஐம்பது செடியையாவது நீங்களே ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் வரும் தரவில் எது சந்தேகத்துக்குரியது என்று தெரியாது.

எத்தனை செடி வேண்டும்?

எனக்குப் பிடித்த பகுதி இது, புதியவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

சப்1 வந்திருக்கும் வாய்ப்பு பின்கலப்பில் இரண்டில் ஒன்று. அதற்கு மட்டும் என்றால் ஐந்து செடியே போதும், ஒன்றாவது கிடைத்துவிடும். ஆனால் மரபணு தனியாக வராது, கொடை ரகத்தின் குரோமோசோம் துண்டு ஒன்று நீளமாக ஒட்டிக்கொண்டு வரும். அதில் சுவை கெடுக்கும் மரபணு இருக்கலாம், தானியத்தைப் பெரிதாக்குவது இருக்கலாம். குரோமோசோம் ஜோடி துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது அது மரபணுவுக்கு அருகிலேயே வெட்டுப்பட்ட செடி வேண்டும். பக்க மார்க்கர் 2 சென்டிமார்கன் (வெட்டு விழும் வாய்ப்பை வைத்துக் குரோமோசோமில் தூரத்தை அளக்கும் அலகு) தூரத்தில் இருந்தால், ஒரு பக்கத்தில் வெட்டு விழும் வாய்ப்பு 100-இல் 2. ஏதாவது ஒரு பக்கம் என்று கேட்டால் 100-இல் 4. 95 சதவீத உறுதியோடு அப்படி ஒன்றாவது கிடைக்க, சப்1 உள்ள செடிகள் 75 வேண்டும், அதாவது சுமார் 150 பின்கலப்பு விதை. ஒரு கதிரில் 15, 20 விதை பிடித்தால் எட்டுப் பத்துக் கதிர். செய்யக்கூடியதுதான்.

அதனால் வழி இதுதான்: முதல் பின்கலப்பில் 150 விதை, முதலில் சப்1 மார்க்கர், பாதி போகும். மீதியில் பக்க மார்க்கர்கள், இரண்டு மூன்று மிஞ்சும். அந்த இரண்டு மூன்றில் மட்டும் பின்னணி மார்க்கர் அறுபதையும் ஓட்டி, தாய் ரகம் அதிகமாக உள்ளதை எடுங்கள். எல்லாச் செடியிலும் எல்லா மார்க்கரையும் ஓட்டுவது காசைக் கரைப்பது. இரண்டாம் பின்கலப்பில் மறுபக்க வெட்டைத் தேடுங்கள். ஒரு குறிப்பிட்ட பக்கம் என்பதால் இப்போது 150 சப்1 செடி, அதாவது 300 விதை வேண்டும். அவ்வளவு முடியாது என்றால் கிடைத்ததை வைத்து மூன்றாம் பின்கலப்புக்கும் போகலாம், வெட்கம் ஒன்றுமில்லை. மார்க்கர் இல்லாத காலத்தில் ஆறு தடவை போனார்கள்.

நிலைப்படுத்துவது

கடைசிப் பின்கலப்புச் செடியில் சப்1 ஒரே பிரதிதான். அதைத் தன்மகரந்தத்தில் விட்டால் நான்கில் ஒன்று இரண்டு பிரதியோடு வரும். பதினொரு செடி இருந்தாலே 95 சதவீத உறுதி, ஆனால் பின்னணியிலும் மிச்சம் மீதியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் நூறாவது வளருங்கள். இங்கே ஒரு பள்ளம்: சப்1ஏ-வுக்குள்ளேயே அமைந்து, ‘இருக்கிறது, இல்லை’ என்று மட்டும் சொல்லும் மார்க்கர் ஒரு பிரதியையும் இரண்டு பிரதியையும் பிரித்துக் காட்டாது. இரு பெற்றோர் பேண்டையும் தனித்தனியாகக் காட்டும் மார்க்கரை இந்தக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகப் போனால் வருடத்துக்கு இரண்டு தலைமுறை என்று இரண்டரை, மூன்று வருடம்.

வயலில் சோதனை

மார்க்கர் சொன்னதை நம்பிவிட்டு இதை விட்டுவிடாதீர்கள். 14 நாள் நாற்றைத் தொட்டியில் முழுக்க மூழ்கும்படி 14 நாள் வைத்து, தண்ணீரை வடித்து, இன்னொரு 14 நாள் கழித்து எத்தனை துளிர்த்தது என்று எண்ணுங்கள். பக்கத்திலேயே தாங்கும் ஒப்பீட்டுக்கு எஃப்.ஆர். 13ஏ, தாங்காததற்கு ஐ.ஆர். 42, அப்புறம் உங்கள் அசல் ரகமும். ஐ.ஆர். 42 பிழைத்துவிட்டால் சோதனை கடுமையாக இல்லை என்று அர்த்தம், உங்கள் செடியைக் கொண்டாட வேண்டாம். கலங்கிய தண்ணீரில் எல்லாமே மோசமாகத்தான் வரும், அதையும் மனதில் வையுங்கள்.

விவசாயிகளிடம் கொடுக்கும்போது என்ன தாங்காது என்பதையும் சொல்லுங்கள். விதைத்த உடனே முளைப்பில் மூழ்கினால் சப்1 காப்பாற்றாது. முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் நிலத்துக்கும் இது இல்லை, அங்கே உயர்ந்து வளரும் நெல்தான் வேண்டும், சப்1 அதற்கு நேரெதிர்.

‘இது மரபணு மாற்றப் பயிரா’ என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லை. நெல்லிலிருந்து நெல்லுக்கு மகரந்தத்தில் போன மரபணு இது, மார்க்கர் பார்ப்பதற்கு மட்டும்தான். மரபணுத் திருத்தம் இன்னொரு வழி, அந்த முறையில் உருவான இரண்டு நெல் ரகங்களை இந்தியா 2025 மே மாதம் அறிவித்தது. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் வெள்ளம் வராத வருடத்து விளைச்சல். அசல் ரகத்தோடு பக்கம் பக்கமாக, மூன்று இடத்திலாவது நட்டுப் பாருங்கள். பெரும்பாலான வருடங்கள் வெள்ளமில்லாத வருடங்கள்தான், அதில் குறைந்தால் யாரும் இரண்டாவது தடவை விதை கேட்க மாட்டார்கள். கடைசியாக ஐந்து கிலோ நெல்லை அரைத்து, ஒரே உளுந்தில், அசல் அரிசிக்கு ஒரு பாத்திரம், உங்களுடையதற்கு ஒரு பாத்திரம் என்று மாவு கரைத்து இட்லி ஊற்றிப் பாருங்கள். சி.ஆர். 1009 அதற்குத்தான் பேர்போனது. எது எந்தப் பாத்திரம் என்று சொல்லாமல் வீட்டில் கொடுங்கள்.